இலை, பூ, காய்: வேலூர்ப் பக்கத்து அவரைக் குடும்பச் செடிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலமதி, அமிர்தி, ஏலகிரி, ஜவ்வாது மலை என்று செடி பார்க்கப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்துப் போகும்போது ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. பாதிக்கு மேல் அவரைக் குடும்பத்துச் செடிகளைப் பற்றியவை. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். பின்னால் உள்ள பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நடப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

அவரைக் குடும்பம் என்றால் அவரை, மொச்சை, துவரை மட்டும்தானே?

இல்லை. நம் கொல்லையில் விளையும் மணிலாக்கொட்டையும் இந்தக் குடும்பம்தான். புளியமரம், புங்கமரம், அகத்தி, ஆவாரை, தொட்டாற்சுருங்கி, பாலாற்று மணலை அடைத்துக்கொண்டிருக்கும் சீமைக் கருவேலம் ஆகிய எல்லாமே ஒரே குடும்பம். செடி, கொடி, மரம் என்ற வேறுபாட்டை வைத்துக் குடும்பத்தைப் பிரிக்க முடியாது.

இவற்றை ஒன்றாகக் கட்டுவது காய். ஒரே அறை, இரண்டு பக்கமும் இரண்டு விளிம்பு, விதைகள் அனைத்தும் ஒரே விளிம்பை ஒட்டி வரிசையாக இருக்கும். அவரைக்காயைப் பிரித்துப் பாருங்கள்: விதை ஒட்டியிருப்பது நார் உரிக்கும் இரண்டு ஓரங்களில் ஒன்றில் மட்டும்தான். இந்த அமைப்பைக் கண்டால் குடும்பம் உறுதி.

இலையைப் பார்த்தே பெயர் சொல்ல முடியாதா, டீச்சர்? காய் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

இலை உங்களைப் பாதி வழி கொண்டுபோய் விடும். முதலில் எது இலை, எது சிற்றிலை என்று தெரிய வேண்டும். காம்பும் தண்டும் சேரும் கக்கத்தில் ஒரு சிறு மொட்டு இருக்கும். மொட்டு இருந்தால் அது முழு இலை. புளியமரத்தின் சின்னஞ்சிறு பச்சைத் துண்டுகளின் அடியில் மொட்டு கிடையாது. அவை சிற்றிலைகள், அந்த ஈர்க்கு முழுவதும் சேர்ந்துதான் ஒரு இலை. கூடவே, காம்பின் அடி சற்றுப் பருத்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். இரவில் இலையை மடக்குவது அந்தப் பருத்த பகுதிதான். காம்படியின் இரு பக்கமும் இருக்கும் இலையடிச் செதில்களையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது சிற்றிலைகளின் அடுக்கு. ஈர்க்கின் இரு பக்கமும் வரிசையாக இருந்தால் சிறகு வடிவக் கூட்டிலை. நுனியில் தனியாக ஒரு சிற்றிலை இருக்கிறதா, இணையாக முடிகிறதா என்று பாருங்கள். கொழிஞ்சிக்கும் அவுரிக்கும் நுனிச் சிற்றிலை உண்டு. அகத்திக்கும் ஆவாரைக்கும் கிடையாது. எல்லாச் சிற்றிலைகளும் காம்பின் நுனியில் ஒரே புள்ளியிலிருந்து விரிந்தால் அங்கை வடிவக் கூட்டிலை.

மூன்று சிற்றிலை உள்ளவற்றில் இன்னும் நுட்பமாகப் பார்க்க வேண்டும். துவரையிலும் அவரையிலும் நடுச் சிற்றிலை மற்ற இரண்டையும் தாண்டி ஒரு தனிக் காம்பில் நீண்டு நிற்கும். மூவிலைக் கிலுகிலுப்பையில் மூன்றும் ஒரே புள்ளியில் சேரும். பலரும் இதைக் கவனிப்பதில்லை. கவனித்துப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பூவில் எதைப் பார்க்க வேண்டும்? எல்லாமே மஞ்சளாகவோ ஊதாவாகவோதான் இருக்கின்றன.

நிறத்தை மறந்துவிட்டு அமைப்பைப் பாருங்கள். மணிலாக்கொட்டைப் பூ ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே அகலமாக நிமிர்ந்திருப்பது கொடியல்லி. இரு பக்கமும் சிறகல்லிகள் இரண்டு. கீழே இரண்டு இதழ்கள் ஒட்டிப் படகாக நிற்பது படகல்லி. மகரந்தத்தாள்களும் சூலகமும் படகுக்குள் ஒளிந்திருக்கும். தேனீ சிறகில் உட்கார்ந்து அழுத்தினால் படகு தாழ்ந்து மகரந்தம் அதன் வயிற்றில் பூசும். கொழிஞ்சி, அவுரி, கிலுகிலுப்பை, அகத்தி, புங்கம் எல்லாவற்றிலும் இதே கட்டுமானம்தான். சங்குப்பூவில் மட்டும் பூ தலைகீழாகத் திரும்பியிருப்பதால் அகலமான கொடியல்லி கீழே வந்துவிடும்.

ஆவாரை, தகரை, கொன்றை ஆகியவற்றில் படகு கிடையாது. ஐந்து இதழும் பிரிந்து விரிந்து, மகரந்தத்தாள்கள் வெளியே தெரியும். கருவேலம், தொட்டாற்சுருங்கி போன்றவற்றில் இதழ்கள் மிகச் சிறியவை. கண்ணுக்குத் தெரிகிற பந்து மகரந்தத்தாள்களின் கூட்டம்.

காயை எப்படிப் படிப்பது?

தட்டையா, உருண்டையா, காற்றடைத்து உப்பியதா என்பது முதல் கேள்வி. பிறகு மயிர் உண்டா, விதைகளுக்கு இடையே இடுக்கம் உண்டா, முற்றினால் வெடிக்குமா, துண்டுதுண்டாக உடையுமா. நாட்டுக் கருவேலங்காய் விதைக்கு விதை இடுங்கி, கோத்த மணிகள் வரிசையாக நிற்பதைப் போலிருக்கும். புல்தரையில் படர்ந்திருக்கும் சிறுபுள்ளடியின் காய் கணுக்கணுவாக உடைந்து வேட்டியிலும் புடவையிலும் ஒட்டிக்கொள்ளும். புங்கங்காய் வெடிக்காது. மணிலாக்கொட்டை மண்ணுக்குள் போய்விடுகிறது.

வடகிழக்குப் பருவமழை முடிந்து மார்கழி முதல் மாசி வரை சிறு செடிகளில் பூவும் முற்றிய காயும் சேர்ந்தே கிடைக்கும். எங்கள் நடைகளை அந்த மாதங்களில் வைத்துக்கொள்வது அதனால்தான்.

இணையத்தில் பார்த்த லூபின் செடி பாலமதி மலைப் பாதையில் நிற்கிறது, டீச்சர். ஐந்து விரல் இலை, ஊதாப் பூக்கதிர். லூபின்தானே?

அது நொச்சி. இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் மேல் குற்றமில்லை. அவரைக் குடும்பத்து வெளிநாட்டுச் செடியான லூபினுக்கும் அங்கை வடிவக் கூட்டிலைதான், நிமிர்ந்த பூக்கதிர்தான். தொலைவிலிருந்து எடுத்த படத்தில் நொச்சி ஏமாற்றவே செய்யும்.

அருகில் போனால் சந்தேகம் நிற்காது. நொச்சியின் இலைகள் தண்டில் எதிரெதிராக இருக்கும். அவரைக் குடும்பத்தில் பெரும்பாலும் மாறிமாறி ஒவ்வொன்றாகத்தான் இருக்கும். கசக்கினால் நொச்சி வாசனை தூக்கும், ஆவி பிடித்த எவருக்கும் தெரியும். பூவில் கொடியும் படகும் இல்லை. கீழுதடு நீண்ட சிறு குழாய்ப்பூ. காயோ மிளகளவு உருண்டை. லூபினில் மயிர் அடர்ந்த தட்டையான, அவரை போன்ற காய் வரும். இலை ஒத்துப்போய்ப் பூவும் காயும் ஒத்துப்போகாவிட்டால், பூவையும் காயையும் நம்புங்கள்.

அப்படியானால் லூபின் நம் ஊரில் வளராதா?

தானாக வளர்வதில்லை. லூபின்கள் அமெரிக்கக் கண்டங்களுக்கும் மத்தியதரைக் கடல் சுற்றுப்புறத்துக்கும் உரியவை. தோட்டக்காரர்கள் குளிர்ந்த மலைகளில் அழகுக்காக வளர்ப்பார்கள். வேலூர் வெயில் அவற்றுக்கு ஒத்துவராது.

லூபினுக்கு நெருங்கிய சொந்தம் என்று நம் பக்கத்தில் எதையாவது காட்ட முடியுமா?

முடியும், அதுவும் சாலையோரத்திலேயே. கிலுகிலுப்பைதான் அது. அவரை, பட்டாணி போன்றவற்றில் பத்து மகரந்தத்தாள்களில் ஒன்பது ஒரு கற்றையாகச் சேர்ந்து ஒன்று தனித்து நிற்கும். கிலுகிலுப்பையிலும் லூபினிலும் பத்தும் ஒரே கற்றை. மேலும் ஐந்து மகரந்தப்பைகள் நீளமாகவும் ஐந்து குட்டையாகவும் மாறிமாறி இருக்கும். ஒரு கைலென்ஸ் இருந்தால் இதைப் பள்ளிப் பிள்ளைகளே பார்த்துவிடலாம். பார்க்கும்போது அவர்கள் முகத்தில் வரும் மலர்ச்சிக்காகவே நான் லென்ஸ் இல்லாமல் கிளம்புவதில்லை.

கிலுகிலுப்பையின் காய் காற்றடைத்து உப்பியிருக்கும். முற்றிக் காய்ந்தபின் விதைகள் உள்ளே கழன்று ஆட்டினால் கிலுகிலுக்கும். படகல்லி ஒரு கூர்மையான அலகில் முடியும். இந்த இரண்டும் சேர்ந்தால் கிலுகிலுப்பை என்று தயங்காமல் சொல்லலாம். எந்தக் கிலுகிலுப்பை என்பதற்கு மறுபடி இலைக்கு வர வேண்டும். ஒற்றை இலை (சிற்றிலைகளாகப் பிரியாதது), குறுகி நீண்டது, மஞ்சள் பூ, பட்டு மயிர் போர்த்திய காய் என்றால் சணப்பை; வயலில் பசுந்தாள் உரத்துக்கு விதைப்பது. ஒற்றை இலைதான், ஆனால் நுனி அகன்று மழுங்கியிருந்து காயில் மயிர் இல்லையென்றால் குரோட்டலேரியா ரெட்டூசா (குரோட்டலேரியா என்பது கிலுகிலுப்பையின் தாவரவியல் பெயர்). தண்டு கோணலாக முனைப்பட்டு, அகன்ற ஒற்றை இலையும் காம்படியில் இலை போன்ற பெரிய செதில்களும் நீல ஊதாப் பூவும் இருந்தால் குரோட்டலேரியா வெருக்கோசா. லூபின் என்று படம் அனுப்புபவர்களில் சிலர் இதையும் அனுப்புகிறார்கள். குறைந்தபட்சம் சொந்தக்காரரைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

மூவிலை வகைகளில் இரண்டை எளிதாகப் பிரிக்கலாம். மஞ்சள் பூவில் செம்பழுப்புக் கோடுகள் ஓடி, காய்கள் நீண்ட கதிரில் நெருக்கமாகக் கீழ்நோக்கித் தொங்கினால் குரோட்டலேரியா பாலிடா. பெரிய பசுமஞ்சள் பூ, காய்க்குத் தன் சொந்தக் காம்பு ஒன்று புல்லிவட்டத்தைத் தாண்டி நீண்டிருந்தால் குரோட்டலேரியா லேபர்னிஃபோலியா.

கிலுகிலுப்பைச் செடி காய்ந்த பிறகும் பட்டாம்பூச்சிகள் மொய்க்கின்றன. பூவே இல்லையே, ஏன்?

அவை வருவது தேனுக்கு அல்ல. நீலப்புலி போன்ற வரியன் கூட்டத்துப் பட்டாம்பூச்சிகளில் ஆண்கள், வாடிய செடியிலிருந்து அதன் நச்சுக் காரப்பொருளை (ஆல்கலாய்டை) உறிஞ்சுகின்றன. அதைக் கொண்டு பெண்ணை ஈர்க்கும் வாசனையைத் தயாரித்துக்கொள்கின்றன; பறவைக்கும் அந்த உடல் கசந்துபோகிறது. மொய்க்கும் செடியைக் கண்டால் அதன் காயைப் பாருங்கள், பெரும்பாலும் கிலுகிலுப்பையாக இருக்கும்.

எங்கள் ஆடுகள் அந்தப் பக்கம்தான் மேய்கின்றன. அந்த நஞ்சு ஆட்டுக்கும் ஆபத்தா?

ஆபத்துதான். பல கிலுகிலுப்பை வகைகளின் இலையிலும், அதைவிட விதையிலும், ஈரலைக் கெடுக்கும் காரப்பொருள்கள் உள்ளன. ஒரு வாய் தின்றதும் விழுந்துவிடாது. தொடர்ந்து தின்றால் ஈரல் சிறுகச் சிறுகப் பழுதாகும். மற்ற தீவனம் இல்லாத காலத்தில் காய்த்த கிலுகிலுப்பை நிறைந்த இடத்தில் ஆட்டை விடாதீர்கள்.

மனிதருக்கும் இது பொருந்தும். 1970களின் நடுவில், இன்று சத்தீஸ்கரில் இருக்கும் சர்குஜா பகுதியில், சாமையோடு கிலுகிலுப்பை விதை கலந்துபோய், அதை உண்டவர்களுக்கு ஈரலின் சிரைகள் (இரத்தக் குழாய்கள்) அடைபட்டு வயிறு வீங்கிப் பலர் இறந்தார்கள். ஜவ்வாது மலையில் சாமை விளைகிறது. கொல்லையில் கிலுகிலுப்பை முளைத்தால் பூக்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள். சாமையைப் புடைக்கும்போது சிறுநீரக வடிவில், பளபளப்பாக வேறு விதை தென்பட்டால் நீக்கிவிடுங்கள்.

கொழிஞ்சியும் அவுரியும் ஒன்றுபோல் இருக்கின்றன. பூக்காத நேரத்தில் எப்படிப் பிரிப்பது?

ஒரு சிற்றிலையை எடுத்து, நுனியைப் பிடித்து இழுத்துக் கிள்ளுங்கள். கொழிஞ்சியில் பக்க நரம்புகள் நெருக்கமாக, சாய்வாக, ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. கிழிசல் அந்த நரம்பு வழியே போவதால் அம்பு முனை வடிவில் இரண்டாகப் பிரியும். நம் ஊர்ப் பிள்ளைகள் இதை விளையாட்டாகச் செய்வார்கள். அவுரிச் சிற்றிலை அப்படிக் கிழியாது, தாறுமாறாகப் பிய்யும். அவுரி இலை சற்று நீலம் பாய்ந்த பச்சை, காய்ந்தால் கருநீலமாகும்.

பூ வந்துவிட்டால் இன்னும் எளிது. அவுரிப் பூக்கள் மிகச் சிறியவை, இலைக் கக்கத்தில் இலையைவிடக் குட்டையான கதிரில் இளஞ்சிவப்பாக இருக்கும். கொழிஞ்சியில் பூ பெரிது, செவ்வூதா நிறம், கதிர் இலைகளைத் தாண்டி நீளும். காய் முடிவாகச் சொல்லிவிடும்: கொழிஞ்சிக்காய் தட்டை, 3 முதல் 5 செ.மீ. நீளம், நுனி லேசாக மேல்நோக்கி வளையும். அவுரிக்காய் சிறு குச்சி போல் உருண்டை, 2 அல்லது 3 செ.மீ.தான்.

அவுரியை எங்கள் பிள்ளைகள் பார்த்தே தீர வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சென்னை மாகாணத்தில் நீலச் சாயத்துக்காக இதை ஏராளமாகப் பயிரிட்டார்கள். 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு அந்தச் சாகுபடி சரிந்தது. இன்று தரிசில் ஒதுங்கி நிற்கும் இந்தச் செடி ஒரு காலத்தில் ஊர்களின் வரவு செலவைத் தீர்மானித்தது.

வெள்ளைப் பூ பூத்திருக்கிறது. அப்போது அது கொழிஞ்சி இல்லைதானே?

அப்படிச் சொல்ல முடியாது. நிறம் மாறும் என்பதற்குச் சங்குப்பூவே சாட்சி: நீலமும் உண்டு, வெள்ளையும் உண்டு, செடி ஒன்றேதான். முன்பு சொன்ன கிழிசல் சோதனையைச் செய்து, காயையும் ஒத்துப் பாருங்கள்.

நல்வேளைக்கும் ஐந்து விரல் இலை, பயறு போல் நீண்ட காய். அதுவும் அவரைக் குடும்பம்தானா?

நல்ல கேள்வி, இலையும் காயும் சேர்ந்து ஏமாற்றுகிற இடம் இது. குடும்பம் வேறு. காயைப் பிரித்தால் விதைகள் ஒரே ஓரத்தில் இல்லாமல் இரு ஓரங்களிலும் இருக்கும். முதல் பதிலில் சொன்ன விதி இங்கே காப்பாற்றும். பூவில் நான்கே இதழ்கள், படகு கிடையாது. மகரந்தத்தாள்கள் பூவைவிட்டு வெளியே நீண்டு நிற்கும். மஞ்சள் பூ பூத்துக் கையில் பிசுபிசுவென்று ஒட்டும் நாய்வேளைக்கும் இதே பதில்தான்.

ஆவாரை, தகரை, பேயாவிரை மூன்றையும் குழப்பிக்கொள்கிறோம். மூன்றும் மஞ்சள் பூ.

சிற்றிலை இணைகளை எண்ணுங்கள். தகரையில் பெரும்பாலும் மூன்று இணை, நுனிப்பக்கம் அகன்றவை. பேயாவிரையில் நான்கு முதல் ஆறு இணை, நுனி கூரானவை; கசக்கினால் கெட்ட வாடை. ஆவாரையில் எட்டுக்கும் மேல், சிறியவை. காம்படியில் காது வடிவச் செதில்கள் எடுப்பாகத் தெரியும்.

காய்களில் குழப்பமே வராது. ஆவாரைக்காய் காகிதம் போல் மெல்லிய தட்டை. தகரையில் ஒல்லியாக, ஒரு சாணுக்கு அருகே நீளும். பேயாவிரைக் காய் சற்றே தட்டையாக, நடுவில் பழுப்பும் விளிம்பில் வெளிர்நிறமுமாக இருக்கும். சில ஊர்களில் இதையே பொன்னாவிரை என்பதால், பெயரை மட்டும் கேட்டு இலை பறிக்காதீர்கள்.

இதில் கவனம் தேவை என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் குழந்தைகள். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் குழந்தைகள் வாந்தியெடுத்து, நினைவிழந்து இறந்துகொண்டிருந்தார்கள். மூளைக்காய்ச்சல் என்று நினைத்தார்கள். விளையாட்டாகப் பேயாவிரை விதையைத் தின்றதுதான் காரணம் என்று கண்டறிந்த மருத்துவர்களில் ஒருவர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டி. ஜேக்கப் ஜான். 2007இல் அந்த ஆய்வு வெளியானது. பள்ளி வளாகத்திலும் வீட்டுச் சுற்றிலும் இந்தச் செடி இருந்தால் காய்க்கும் முன் அகற்றுங்கள்.

குண்டுமணி எல்லாம் ஒன்றுதானா? எங்கள் தெரு மரத்தில் முழுச் சிவப்பாக விழுகிறது.

மரத்திலிருந்து விழும் முழுச் சிவப்பு விதை ஆனைக்குன்றிமணி. சிவப்பில் கருப்புக் கண் உள்ள குன்றிமணி ஒரு கொடி. புளிய இலையை நினைவூட்டும், நுனிச் சிற்றிலை இல்லாத கூட்டிலை, வெளிறிய செவ்வூதாப் பூங்கொத்து, முற்றியதும் முறுக்கிக்கொண்டு பிளக்கும் குட்டைக் காய். வெள்ளை விதை உள்ளதும் இதே கொடிதான்.

குன்றிமணி விதையில் அப்ரின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. தோல் உடையாமல் விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறும். மென்றாலோ, துளையிட்டுக் கோத்ததாக இருந்தாலோ உயிருக்கே ஆபத்து. எதுவானாலும் வீட்டில் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள், விதை ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.

பூனைக்காலிக் காயை மட்டும் தொட்டுப் பார்க்கலாமா?

கூடாது. மூவிலைக் கொடி, தொங்கும் கருஞ்செவ்வூதாப் பூ, வளைந்து நெளிந்து பழுப்பு மயிர் மூடிய காய். இவற்றைக் கண்டால் தள்ளி நின்று பாருங்கள். மயிர் பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள், ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்த பிறகு கழுவுங்கள்.

படம் அனுப்பினால் பெயர் சொல்வீர்களா? செயலி ஒன்று லூபின் என்றே சொல்கிறது.

செயலி சொல்லும் பெயரை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்; அது உங்கள் படத்தில் தெரிவதைத்தான் பார்க்கிறது, கசக்கி முகர்ந்து பார்ப்பதில்லை. எனக்கு அனுப்புவதாக இருந்தால் முழுச் செடி, இலை தண்டோடு சேரும் இடம், பூவின் பக்கவாட்டுத் தோற்றம், காய், பிரித்த விதை என்று தனித்தனியாக எடுத்து அனுப்புங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். பூவை மட்டும் அழகாக எடுத்த படத்தை வைத்து நான் பெயர் சொல்வதில்லை.

அமிர்தியிலிருந்து ஒரு கிளை ஒடித்து வரட்டுமா?

வேண்டாம். காப்புக்காட்டில் அனுமதியின்றிச் செடி பறிப்பது சட்டப்படி குற்றம். இங்கே சொன்னவற்றில் கொழிஞ்சி, தகரை, ஆவாரை, கிலுகிலுப்பை எல்லாம் ஏரிக்கரையிலும் ரயில்பாதையோரத் தரிசிலும் கிடைக்கின்றன. அங்கிருந்து பூவும் காயும் உள்ள ஒரு சிறு கிளையைச் செய்தித்தாளுக்கு இடையே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, ஈரம் வற்றும்வரை தாளைத் தினமும் மாற்றுங்கள். இடம், தேதி, பூவின் நிறம் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள்; காய்ந்தபின் நிறம் போய்விடும். அப்படிப் பதப்படுத்திய மாதிரியைக் கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் உலர்தாவரத் தொகுப்பில் உள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.